கோல்டு ஃபிஷ் தொட்டியில் உயிருள்ள செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மாதிரி வெயில் ஊரில், போர்வெல் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கொளத்தூர் கடைகளில் மீனையும் செடியையும் ஒரே நாளில் வாங்கி வந்து, அடுத்த வாரமே வெறும் தண்டுகள் மிதப்பதைப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் செடிக்கு மாறிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி மாறத் தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி.

கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் செடி தங்குமா?

தங்கும். ஆனால் எல்லாச் செடியும் தங்காது. கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். அதற்கு வயிறு என்று தனி உறுப்பு கிடையாது, நீளமான குடல்தான். தின்றது உள்ளே அதிக நேரம் நிற்காததால் நாள் முழுக்க எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும். தொண்டைக்குள் இருக்கும் பற்களால் மெல்லிய இலையை எளிதாக அரைத்துவிடும். மேய்வதோடு நிற்காமல் அடி மணலையும் வாயால் அள்ளி, சலித்து, துப்பும். செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இந்தக் கிளறலால்தான், பசியால் அல்ல.

அதனால் நான் செடிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று தங்கும் செடி, மற்றது தீனிச் செடி. தங்கும் செடியை மீன் தின்ன முடியாதபடியும் பிடுங்க முடியாதபடியும் வைக்க வேண்டும். தீனிச் செடி தின்னவே வளர்ப்பது. அது தீர்ந்துபோனால் வருத்தப்படக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்கு ஏமாற்றம் வருகிறது.

தங்கும் செடிகள் எவை?

முதலிடம் அனுபியாஸுக்கு. மேற்கு ஆப்பிரிக்க ஓடைக் கரைகளில் பாறையிலும் மரவேரிலும் ஒட்டி வளரும் செடி. இலை தோல் மாதிரி தடிப்பாக இருக்கும். கோல்டு ஃபிஷ் ஓரிரு முறை கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். மெதுவாகத்தான் வளரும், ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு இலை வந்தாலே நல்ல வளர்ச்சி. விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் ஒரு முறை வாங்கினால் பல வருடங்களுக்கு இருக்கும். சிறிய தொட்டிக்கு நானா என்ற குட்டை வகை, பெரிய தொட்டிக்கு பார்ட்டெரி.

அடுத்தது ஜாவா ஃபெர்ன். இதுவும் கல்லில் கட்டி வளர்ப்பதே. இதன் ருசி பெரும்பாலான மீன்களுக்குப் பிடிப்பதில்லை. முதிர்ந்த இலையின் அடியில் கரும்புள்ளிகள் வரிசையாக வரும். அவை நோய் இல்லை, வித்துப் பைகள். இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைக்கும். வேர் விட்டதும் கிள்ளி இன்னொரு கல்லில் கட்டலாம்.

மண்ணில் ஊன்றும் செடிதான் வேண்டும் என்றால் வாலிஸ்நேரியா. புல் மாதிரி நீளமாக, ரிப்பன் இலைகளோடு வளரும். நம் பக்கத்துக் கடினமான போர்வெல் தண்ணீர் இதற்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் பக்கத்தில் ஓடுதண்டு விட்டு வரிசையாகப் பரவும். வேர் பிடிக்கும் வரை மீன் அதை விட்டுவைக்க வேண்டும், அதுதான் சிக்கல். முடிந்தால் மீன் விடுவதற்கு 3, 4 வாரம் முன்பே நட்டுவிடுங்கள்.

கிரிப்டோகோரைன் வகைகளில் வென்ட்டியையைச் சொல்லலாம். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட செடி இது, வேறெங்கும் இயற்கையாக வளராதது. ஆழமாக வேர் விடும். ஆனால் இடம் மாற்றினால் பிடிக்காது. அடிக்கடி தொட்டியை மாற்றி அமைக்கும் ஆளாக இருந்தால் வாங்க வேண்டாம்.

அமேசான் ஸ்வோர்டை ஒரு ஆறுதல் பரிசாகச் சேர்க்கலாம். சாதுவான மீன் இருந்தால் தங்கும், முரட்டு மீன் இருந்தால் இலை கிழிந்து நரம்பு மட்டும் மிஞ்சும்.

தீனிச் செடிகள்?

ஹைட்ரில்லா, டக்வீட், அசோலா, கபோம்பா, வாட்டர் ஸ்ப்ரைட். இவற்றை அழகுக்காக வாங்கி வைக்காதீர்கள், ஒரே இரவில் காணாமல் போகலாம். ஹார்ன்வோர்ட் நடுவில் நிற்கும் ஆள். கரகரப்பான இலை என்பதால் சில மீன்கள் தொடாது, சில மீன்கள் தண்டு வரை உரித்துவிடும்.

பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் டக்வீடையும் அசோலாவையும் தனியாக வளர்த்து, வாரம் சில முறை ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவதுதான் சரியான வழி. அசோலா நம் ஊர் மாட்டுத் தீவனமாகப் பலருக்குப் பழக்கமானது. அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, அதனால்தான் அத்தனை வேகம். டக்வீட், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சி வளர்வதால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை அந்த டப்பில் ஊற்றினால் உரம் தனியாகத் தேவையில்லை. டப்பில் கொசு முட்டையிடாமல் மேலே வலை கட்டுங்கள்.

கடையில் அக்வேரியம் செடி என்று கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அழுகிவிட்டது. ஏன்?

அது நீர்ச் செடியாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். லக்கி பேம்பூ என்று விற்கும் டிரசீனா, வெள்ளைக் கோடு போட்ட இலையுள்ள சில அலங்காரச் செடிகள், மாண்டோ கிராஸ் இவையெல்லாம் தரையில் வளர்பவை. முழுக்க மூழ்கினால் சில வாரம் பச்சையாக நின்று, அப்புறம் அடியிலிருந்து மெல்ல அழுகும். அழுகுவது தண்ணீரையும் கெடுக்கும். லக்கி பேம்பூவை வேரும் தண்டின் அடியும் மட்டும் நனையும்படி, இலை வெளியே இருக்கும்படி வைத்தால் பிரச்சினை இல்லை.

வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை: செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்குங்கள். உண்மையான நீர்ச் செடியின் தண்டு பெரும்பாலும் துவண்டு தொங்கும். அப்படியே விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இதற்கு விதிவிலக்கு.

நல்ல செடிதான், ஆனாலும் வைத்த ஒரு வாரத்தில் இலை உருகிப்போகிறதே?

பண்ணைகளில் பல செடிகளை வேர் மட்டும் ஈரத்திலும் இலை காற்றிலும் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அந்த இலைகள் தண்ணீருக்குள் வாழ்வதற்கு உண்டானவை அல்ல. நீங்கள் மூழ்கவைத்ததும் அவை உதிர்ந்து, நீருக்கேற்ற புது இலைகள் வரும். கிரிப்டோகோரைனில் இது ரொம்பக் கண்கூடு, மொத்தச் செடியும் கூழாகிப்போகும். வேர் உறுதியாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உருகிய இலையை மட்டும் வெட்டிவிட்டு ஒரு மாதம் பொறுங்கள்.

மீன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

இந்த ஒரு கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசித் தோல்வி இங்கேதான்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் ஊன்றவே கூடாது. அவற்றுக்குப் படுக்கைவாட்டில் ஒரு தடித்த கிழங்குத் தண்டு இருக்கும். அதைப் புதைத்தால் அழுகும். அந்தத் தண்டு வெளியே தெரியும்படி ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் சுற்றிக் கட்டுங்கள். தூண்டில் நரம்பும் சரி, ஆனால் இறுக்கிக் கட்டினால் தண்டை அறுக்கும். ஃபெவிக்விக் வகைப் பசை சயனோ அக்ரிலேட் ஆனதால் காய்ந்தபின் மீனுக்குத் தீங்கில்லை. இரண்டு சொட்டு வைத்து சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும். நீரில் பட்டதும் பசை வெள்ளையாகத் தெரியும், வேர் பரவியதும் அது மறைந்துவிடும். கல் கனமாக இருக்கட்டும். கைக்குள் அடங்கும் கல்லை வளர்ந்த ஒராண்டா (குண்டு உடல் கோல்டு ஃபிஷ் வகை) ஒன்று புரட்டிப் போட்டுவிடும்.

ஊன்றும் செடிகளுக்கு என் சிபாரிசு சிறு மண் சட்டி. அகல் விளக்கைவிடக் கொஞ்சம் ஆழமான, வண்ணம் பூசாத சட்டியில் மணல் போட்டு, செடியை நட்டு, மேலே மீன் வாயில் நுழையாத அளவு கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். வாலிஸ்நேரியா வைத்தால் இலைக் கழுத்து கல்லுக்கு மேலே இருக்க வேண்டும். சட்டியின் நன்மை என்னவென்றால், தொட்டியின் அடியை வெறும் கண்ணாடியாகவே விட்டுவிடலாம். கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சுவது சுலபம். சட்டியோடு தூக்கிக் கழுவி வைக்கவும் முடியும்.

கடையில் செடியைச் சுற்றி இருக்கும் பஞ்சு, ஈய வளையம், குட்டி பிளாஸ்டிக் கூடை மூன்றையும் எடுத்துவிட்டு நடுங்கள். பஞ்சுக்குள் வேர் மூச்சுத் திணறும்.

பிளாக் மூர் மாதிரி கண் துருத்திய மீன்களோ, பபிள் ஐ மாதிரி கண்ணுக்குக் கீழே பை தொங்கும் மீன்களோ இருந்தால் கூரான மரக்கிளையும் முனையுள்ள கல்லும் வேண்டாம். அவற்றுக்குப் பார்வையும் மந்தம். மோதிக் கண்ணையோ பையையோ கிழித்துக்கொள்ளும்.

அடியில் மணலா, கல்லா?

இரண்டும் ஆகும், நடுத்தரம்தான் ஆபத்து. பட்டாணி அளவுச் சரளைக்கல் கோல்டு ஃபிஷ் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். ஒன்று, தண்ணீர் தெளியும் வரை கழுவிய நல்ல ஆற்று மணல், ஓர் அங்குலம். இல்லையென்றால் வாயில் நுழையவே நுழையாத பெரிய கூழாங்கல். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பும் சிப்பித் துகளும் இருக்கும்.

வயிறு நிறையத் தீனி போட்டால் செடியை விட்டுவிடுமா?

ஓரளவுக்கு. குருணைத் தீனியை அதிகமாக்குவது தவறான வழி, அது அம்மோனியாவாகத்தான் திரும்பி வரும். பச்சையைக் கொடுங்கள். தோலுரித்த வேகவைத்த பட்டாணி, வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி ஆறவைத்த பாலக் இலை, மெல்லிய வெள்ளரி வில்லை. கீரையை நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், பூச்சிமருந்து மீனுக்கு ஆகாது. மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நார்ச்சத்து கிடைத்த மீன் அனுபியாஸ் பக்கம் போவது வெகுவாகக் குறையும், மலச்சிக்கலால் தலைகீழாக மிதப்பதும் குறையும்.

லைட் எவ்வளவு நேரம்?

6 முதல் 8 மணி நேரம். மேலே சொன்ன தங்கும் செடிகள் எல்லாமே குறைந்த வெளிச்சத்தில் வளர்பவை. 2 அடித் தொட்டிக்கு 10 முதல் 15 வாட் வெள்ளை எல்இடி போதும். டைமர் ஒன்று மாட்டிவிடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் செடிக்கு முன்னால் பாசி வளரும், தண்ணீரும் சூடாகும்.

உரம், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் தேவையா?

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையே இல்லை. கோல்டு ஃபிஷ் தொட்டியில் காற்றை நிறைய அடிக்க வேண்டும், அடித்தால் அந்த வாயு வெளியேறிவிடும். பணம்தான் வீண்.

உரத்தைப் பொறுத்தவரை, கோல்டு ஃபிஷ் கழிவிலேயே நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக இருக்கின்றன. குறையக்கூடியவை பொட்டாசியமும் இரும்பும். பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவு. புதுத் தளிர் வெளிறி மஞ்சளாக வந்தால் இரும்பு குறைவு. திரவ உரம், பாட்டிலில் எழுதியதில் பாதி அளவு, வாரம் ஒரு முறை. மண்ணுக்குள் புதைக்கும் உர மாத்திரையை இந்தத் தொட்டியில் போடாதீர்கள், மீன் தோண்டி வெளியே எடுத்துவிடும். அதில் அம்மோனிய உப்பு இருந்தால் மொத்தமாகத் தண்ணீரில் கலந்து மீனைக் கொல்லும். திரவ கார்பன் என்று விற்பதும் வேண்டாம். வாலிஸ்நேரியாவும் ஹார்ன்வோர்ட்டும் அதில் கரைந்துபோகும்.

எந்தத் தண்ணீர் நல்லது?

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் போய்விடும், அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு. போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தாலும் கோல்டு ஃபிஷ்ஷும் வாலிஸ்நேரியாவும் அதை ஏற்கும். ஆனால் அதில் பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) பொதுவாகக் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். பி.எச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அதே அளவு அம்மோனியாவின் நஞ்சுப் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும்.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் தாதுக்களே இருக்காது. மீன், செடி இரண்டும் தளரும். போர்வெல் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். பலர் கவனிக்காதது அடுக்குமாடி வீடுகளின் சாஃப்ட்னர் தண்ணீர். அந்த எந்திரம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் செடியின் புது இலைகள் சுருண்டு குட்டையாக வரும். எல்லாம் சரியாகச் செய்தும் செடி தேறவில்லை என்றால், உங்கள் குழாயில் வருவது சாஃப்ட்னர் தண்ணீரா என்று முதலில் விசாரியுங்கள். சாஃப்ட்னருக்கு முன்னால் தண்ணீர் எடுக்கும் குழாய் தோட்டத்துக்கோ கார் கழுவவோ எங்காவது இருக்கும்.

கோடையில் என்ன செய்வது? மின்வெட்டு வந்தால்?

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகமான வெப்பம். மே மாதத்தில் சென்னைத் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதே சமயம் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இதோடு செடியையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் செடி ஆக்சிஜன் தரும், இரவில் மீனைப் போலவே அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடர்த்தியாகச் செடி வைத்த தொட்டியில் விடிகாலை நேரம்தான் மிக ஆபத்தானது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது விடியற்காலையில் மட்டும் நடந்தால் காரணம் இதுதான்.

அதனால் ஏர் பம்ப் இரவு முழுக்க ஓட வேண்டும். சத்தமாக இருக்கிறது என்று படுக்கும்போது அணைப்பவர்கள் பலர். அது சரியான நேரத்தில் செய்யும் தவறான காரியம். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பதும் பலன் தரும்.

சூட்டைக் குறைக்க, மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வையுங்கள். நீர் ஆவியாவதால் 2, 3 டிகிரி குறையும். தண்ணீர் வேகமாக வற்றும், தினமும் நிரப்ப வேண்டியிருக்கும். ஐஸ் கட்டியை நேராகப் போட்டுத் திடீரென்று குளிரவைக்காதீர்கள். சூடு காலத்தில் ஜாவா ஃபெர்ன் வளர்ச்சியை நிறுத்திவிடும், சில இலை பழுக்கும். ஆடி மாதம் தாண்டியதும் திரும்பத் துளிர்க்கும். வாலிஸ்நேரியா, அனுபியாஸ் இரண்டும் அதைவிடத் தாங்கும்.

செடி நிறைய இருந்தால் ஃபில்டர் வேண்டாமா? தண்ணீர் மாற்ற வேண்டாமா?

இரண்டும் வேண்டும். மீன் செவுள் வழியாக அம்மோனியா வெளியேற்றுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடி இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதிலும் அம்மோனியாவையே முதலில் எடுக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால் அனுபியாஸ் மாதிரி மெதுவாக வளரும் செடி எடுப்பது சொற்பம். கோல்டு ஃபிஷ் போடும் கழிவோ அதிகம். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

தொட்டியின் அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 2க்கு 1க்கு 1 அடித் தொட்டி 56 லிட்டர்தான். அது ஒரு வளர்ந்த மீனுக்கே நெருக்கம். 3க்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடி என்றால் 190 லிட்டர், இரண்டு அல்லது மூன்று ஒராண்டாவும் நாலைந்து சட்டிச் செடியும் நிம்மதியாக இருக்கும். காமெட், ஷுபுங்கின் மாதிரி நீண்ட உடல் வகைகள் ஓர் அடி வரை வளரக்கூடியவை, அவற்றுக்குக் குளம்தான் இடம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எந்தச் செடி வைத்தாலும் கோல்டு ஃபிஷ் வாழாது. அதை விற்பதையே நிறுத்த வேண்டும்.

மணி பிளாண்ட் வேரைத் தொட்டியில் விடலாமா?

தாராளமாக. நைட்ரேட்டைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை. இலை காற்றில் இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பாடே இல்லாமல் வேகமாக வளரும், அந்த வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜனைத் தொட்டியிலிருந்து இழுக்கும். இலை தண்ணீருக்குள் முங்கக் கூடாது. செடியின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, வாயில் பட்டால் அரிக்கும். எனவே வேரை மீன் மென்றுகொண்டே இருந்தால் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவிலோ மேல் ஃபில்டர் பெட்டியிலோ வேரை வைத்துவிடுங்கள்.

புதுச் செடியோடு நத்தையும் பூச்சியும் வருகிறதே?

நத்தைக்குப் பயப்படாதீர்கள், சின்ன நத்தையை கோல்டு ஃபிஷ் உறிஞ்சித் தின்றுவிடும். பயப்பட வேண்டியது ஆங்கர் வார்ம் (மீன் உடலில் குத்தி ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணி), மீன் பேன், அட்டை, தும்பியின் இளம்புழு இவற்றுக்குத்தான். குளத்திலிருந்து நேராகப் பறித்து வரும் செடியில் இவை எல்லாமே வரலாம்.

10 லிட்டர் வாளியில் 100 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை முழுக்கக் கரையுங்கள், அதாவது சில படிகங்கள், ஒரு சிட்டிகை கூட இல்லை. தண்ணீர் இளம் ஊதாச் சிவப்பாக வரும். செடியை 10 நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். துணியிலும் கையிலும் பழுப்புக் கறை பிடிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மீன் இல்லாத வாளியில், வெளிச்சமுள்ள இடத்தில் 2, 3 வாரம். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணிகள் அதற்குள் செத்துவிடும். இந்தக் காத்திருப்பு மருந்தைவிட முக்கியம்.

மீனுக்கு நோய் வந்தால் செடியை என்ன செய்வது?

மீனைத் தனி டப்புக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் உப்பு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். அந்த அளவு ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் போன்றவற்றைப் பழுக்க வைக்கும். மெத்திலீன் ப்ளூ ஃபில்டர் பாக்டீரியாவைப் பாதிக்கும், தாமிரம் கலந்த மருந்து செடி, நத்தை இரண்டையும் கொல்லும்.

அனுபியாஸ் இலையில் பச்சைப் புள்ளியும் பழுப்புப் படலமும் ஏறுகிறது.

புதுத் தொட்டியில் பழுப்புப் படலம் டையாட்டம் எனும் நுண்பாசி. தானே அடங்கும், விரலால் துடைத்தால் போய்விடும். பச்சைப் புள்ளி வெளிச்சம் அதிகம் என்பதன் அடையாளம். அனுபியாஸை நிழலான மூலைக்கு மாற்றுங்கள், லைட் நேரத்தில் ஒரு மணி குறையுங்கள். பாசி தின்ன டேங்க் கிளீனர் மீனை வாங்கி விடாதீர்கள். அது பெரிதானதும் கோல்டு ஃபிஷ்ஷின் மேல் ஒட்டி அதன் வழவழப்புத் தோலைச் சுரண்டும்.

செடியில் முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முட்டைதான். ஆண் மீன்கள் பெண்ணை விடியற்காலையில் துரத்தியதைப் பார்த்திருப்பீர்கள். செடியோடு எடுத்து வேறு தொட்டியில் வையுங்கள், இல்லையென்றால் பெற்றோரே தின்றுவிடும். வெப்பத்தைப் பொறுத்து 2 முதல் 5 நாளில் பொரிக்கும்.

மொட்டை மாடித் தொட்டியில் ஆம்பலோடு கோல்டு ஃபிஷ் வளர்க்கலாமா?

இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. 2 அடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டி, ஆம்பல் கிழங்கைத் தனிச் சட்டியில் நட்டு மண்ணுக்கு மேல் கூழாங்கல், மேலே பச்சை நிழல்வலை. ஆம்பல் இலை நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் சூடும் குறையும், பாசியும் குறையும். கொசுப்புழுவை மீன் விட்டுவைக்காது. மீன்கொத்தி, காகம், பூனை மூன்றுக்கும் வலை காவல். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி வழிந்தால் மீனும் வழிந்து போகும். விளிம்புக்கு நாலு விரல் கீழே வடிகால் துளை போட்டு அதில் வலை கட்டுங்கள். இலை இளசாக இருக்கும்போது மீன் கடிக்கும். செடி ஐந்தாறு இலை விட்டபின் மீனை விடுங்கள்.

வெட்டி எடுத்த செடியை எங்கே போடுவது?

வெயிலில் காயவைத்து உரக்குழியில், அல்லது ரோஜாத் தொட்டியில். ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரை அமேசான் பகுதியிலிருந்து அழகுச் செடியாக உலகம் சுற்றி வந்ததுதான். கேரளத்தின் நீர்நிலைகளில் இளஞ்சிவப்புப் பூவோடு பரவிக்கிடக்கும் கபோம்பாவும் தென் அமெரிக்கச் செடிதான், அக்வேரிய வியாபாரத்தில் உலகமெங்கும் விற்பது. டேங்க் கிளீனர் மீன் இப்போது தமிழ்நாட்டு ஏரிகளில் வலையில் சிக்குகிறது. வளர்க்க முடியாமல் போன கோல்டு ஃபிஷ்ஷையும் குளத்தில் விட வேண்டாம். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பல கடைக்காரர்கள் பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே, நன்றாக வேர் விட்ட ஜாவா ஃபெர்ன் குட்டிகளையும் கொண்டுபோனால் வேறு செடிக்கு மாற்றிக்கொண்டு வரலாம்.